நமது நிறம்

சென்ற தைப்பொங்கலை அடுத்த நாட்களில் உடுப்பிட்டியில் நமக்கு வேண்டியவர்களின் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தோம். மண்டபச் சுவரில், பெரிய மரச் சட்டத்துள், ஒரு திருமணப் படம் தொங்கிற்று. கறுப்பு வெள்ளையில் பிடித்து, பின்னர் கையால் வர்ணம் தீட்டப்பட்ட பழைய படம். கூறைச் சேலை சிவந்திருந்தது; தாலிக்கொடி பொன்னிறமாய் மின்னிற்று; மணமகளின் முகமோ ரோசாப்பூ நிறத்தில் இருந்தது.

உயர்தர வகுப்பிற் பயிலும் பேத்தி அப்படத்தையும், அருகே சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்த மூதாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மம்மா, இது நீங்கள்தானோ?”

“நான்தான் பிள்ளை. முகம் என்னுடையது, நிறம் ஸ்ரூடியோக்காரர் தந்தது.”

வீட்டார் யாவரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம். எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. பனைமரத்தின் கருமையும் செவ்வந்தியின் மஞ்சளும் படத்தில் உள்ளபடி வரவேண்டும் என்று விரும்பும் நாம், நமது முகத்தின் நிறத்தை மட்டும் மாற்றித் தரும்படி கேட்பது ஏன்?

அக்காலத்து நிழற்படக் கலைஞர்கள் இதனை எவ்வாறு செய்தனர் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நெகட்டிவில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் பதிந்திருக்கும். ஆகவே அதில் கூரிய பென்சிலால் மெல்லத் தீற்றினால், அவ்விடம் அச்சிட்ட படத்தில் வெளுத்துத் தோன்றும். முகத்தின் சுருக்கம் மறையும், கருமை குறையும். பின்னர் அச்சுப் படத்தின்மீது பஞ்சினாலும் தூரிகையாலும் வர்ணம் பூசப்படும். இவ்வேலைக்குப் பொறுமையும் கைத்திறனும் மிக வேண்டும். வாடிக்கையாளர் விரும்பியதையே அக்கலைஞர் செய்தார். அவரை நாம் குறை கூறுவதற்கில்லை.

வர்ணப் படச்சுருள் வந்தபின் இந்நிலை மாறியிருக்க வேண்டுமன்றோ? 1935-ஆம் ஆண்டில் கொடாக்குறோம் என்னும் வர்ணப் படச்சுருள் விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கியவர்களான லியோபோல்ட் மன்னெஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி ஆகிய இருவரும் சங்கீத வித்துவான்கள் என்பது வியப்பூட்டும் செய்தி. ஆயினும் இயந்திரமும் இரசாயனமும் நடுநிலையானவை என்று எண்ணிவிடல் ஆகாது. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம், படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பதற்கென ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதிலிருந்தவர் வெள்ளை நிறப் பெண்மணி ஒருவர். அவ்வட்டைக்கு ‘ஷேர்லி அட்டை’ என்று பெயர் வழங்கிற்று. அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்பது விதி. கரிய முகங்கள் படத்தில் விவரமின்றி இருண்டு போயின.

பழுப்பு நிறத்தின் நுட்ப வேறுபாடுகளைப் படச்சுருளிற் சீர்செய்ய நேர்ந்த காரணம் இன்னும் விந்தையானது. மரத் தளபாடம் செய்வோரும் சொக்கலேட் செய்வோரும், தம் பொருள்களின் நிறம் விளம்பரப் படங்களிற் சரியாக வரவில்லை என்று முறையிட்டனராம். கொடாக்கில் முன்னர் பணிபுரிந்தோர் இதனைக் கனடிய ஆய்வாளர் லோர்னா றொத்திடம் கூறியுள்ளனர். மனித முகங்கள் பெறாத கவனத்தை மேசையும் மிட்டாயும் பெற்றன. பல நிறத்தாரும் இடம்பெற்ற மாதிரி அட்டை 1990-களின் நடுப்பகுதியிலேயே வந்தது.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர வேண்டும். அவர் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. அசையும் படமாயினும் அசையாப் படமாயினும் ஒளியை ஆளும் கலை ஒன்றே. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர் அவர். பள்ளி மாணவனாயிருந்த காலத்தில், டேவிட் லீன் இலங்கையில் ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டார். இயக்குநர் ஆணையிட்டதும் மழை பொழிந்த அக்காட்சியே தம்மை இத்துறைக்கு ஈர்த்தது என்று பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1969-இல் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்தார்.

1977-இல் வந்த ‘கோகிலா’ என்னும் கன்னடப் படத்தின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்காக இந்தியத் தேசிய விருது பெற்றார். 1982-இல் ‘மூன்றாம் பிறை’ப் படத்தின் வர்ண ஒளிப்பதிவுக்காக மீண்டும் அவ்விருதைப் பெற்றார். வர்ணத்தை நேசித்தவர் அவர். ஆனால் வர்ணத்தை வாரி இறைத்தவரல்லர். சாளரத்தின் வழி வரும் பகலொளியையும் நீலகிரியின் பனிமூட்டத்தையும் இயன்றவரை உள்ளபடியே ஏற்றுக்கொண்டார்.

அவர் நமக்குச் செய்த பேருதவி வேறொன்று. அந்நாளைய வர்ணப் படச்சுருளை வைத்துக்கொண்டே, மாநிறத்துப் பெண்களைப் பூச்சு மிகக் குறைந்த முகத்துடன் கதாநாயகியராக நிறுத்தினார். ஷோபாவையும் அர்ச்சனாவையும் அவர் காட்டிய விதத்தைக் கண்டவர்கள், நம் வீட்டுப் பெண்களையே திரையிற் கண்டதாக உணர்ந்தனர். ‘வீடு’ படத்தில், சொந்தமாக ஒரு மனை கட்ட அலைந்து களைத்த பெண்ணின் வியர்வை படிந்த முகம் அழகற்றதென்று எவரும் சொல்லவில்லை. அர்ச்சனாவுக்கு 1987-ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் அப்படத்தினாலேயே கிடைத்தது. கரிய முகத்திற்கு வேண்டுவது வெள்ளைப் பூச்சன்று. அதனை அறிந்த ஒளியும், மதிக்கும் கண்ணுமே என்பதை அவர் நிறுவிக் காட்டினார். 2014-ஆம் ஆண்டு பெப்ரவரி 13-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

பென்சிலும் பஞ்சும் இன்று பெரும்பாலும் மறைந்தன. ஆயின் அவற்றின் வேலையைக் கைத்தொலைபேசி ஒரு நொடியிற் செய்துவிடுகின்றது. முன்பு திருமணத்துக்கு ஒருமுறை முகம் வெளுத்தது. இப்போது நாள்தோறும் வெளுக்கின்றது. தன் உண்மை முகத்தைக் கண்ணாடியிற் காணும் சிறுமி, ‘இது குறையுள்ள முகம்’ என்று நம்பத் தொடங்குவாளாயின், அத்தீங்கு ஒரு படத்தோடு நின்றுவிடாது.

சில நாட்களின் பின் அந்தப் பேத்தி நமக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். விறாந்தையில், மாலை வெயில் ஒருபுறம் சாய்ந்து விழ, அம்மம்மா அமர்ந்திருக்கின்றார். நெற்றியில் திருநீறு, முகத்தில் எண்ணற்ற சுருக்கங்கள், நன்கு முற்றிய பனங்காயின் பளபளப்புடைய கரிய நிறம். “ஒன்றும் மாற்றவில்லை” என்று கீழே எழுதியிருந்தாள்.

அந்தப் படத்தையும் சட்டமிட்டு, பழைய திருமணப் படத்தின் அருகே மாட்டும்படி சொல்லியிருக்கின்றோம். பழையதைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்திற் பக்கமாய்க் காணும் குழந்தைகள், எது அம்மம்மாவின் நிறமென்று தாமே அறிந்துகொள்வார்கள்.