அவர்கள் பேசியது தீர்மான நோட்டில் ஏறட்டும்

"கதையெல்லாம் வேண்டாம்மா, மனு இருந்தா குடுத்துட்டுப் போங்க." குறைதீர் கூட்டத்துக்கோ பகுதி சபைக்கோ போய் மைக் பிடித்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த வார்த்தையைக் காதால் கேட்காதவர் அரிது. தாம்பரம் தொடங்கி வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என்று ஜிஎஸ்டி சாலையை ஒட்டி நீண்டு வளர்ந்துவிட்ட இந்தப் புறநகரில், தண்ணீர்ப் பஞ்சத்தையும் சாக்கடை நாற்றத்தையும் இருட்டுத் தெருவையும் அன்றாடம் சுமப்பவர்கள் பெண்கள்தான். அவர்கள் வாய் திறந்ததுமே கதை என்று ஒதுக்குவது அநீதி. அதற்கு நேரமின்மை என்றோ நடைமுறை என்றோ வேறு பெயர் வைக்க வேண்டாம்.

அந்தக் கதையில் என்னதான் இருக்கிறது? "செவ்வாய்க்கிழமை வரவேண்டிய தண்ணி லாரி வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. வீட்டுக்கு எட்டுக் குடத்தோடு நிறுத்திட்டாங்க. படுத்த படுக்கையா இருக்கிற மாமியாரைக் கேன் தண்ணி வாங்கித்தான் துடைச்சுவிட்டேன்" என்று ஒரு பெண் எழுந்து சொல்வதாக வைத்துக்கொள்வோம். கிழமை, நேரம், அளவு, கைக்காசு செலவானது, அத்தனையும் அதில் இருக்கிறது. 'எங்கள் பகுதியில் குடிநீர் விநியோகம் சீராக இல்லை' என்று டைப் செய்த மனுவில் இவற்றில் ஒன்றுகூட இராது. மனுவுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதிவிடலாம். இரண்டு நாள் அந்த லாரி எங்கே போயிருந்தது என்ற கேள்விக்கு அப்படி எழுத முடியாது. மனுவை விரும்பிக் கேட்பதன் காரணம் இதுதான் என்று நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை ராஜஸ்தான் காட்டியிருக்கிறது. சென்னையில் பிறந்து, ஐஏஎஸ் பதவியை உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போன அருணா ராய் தோழர்களோடு சேர்ந்து 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் கணக்கு ஊர் முன்னால் உரக்கப் படிக்கப்பட்டது. கூலி வாங்கியதாகப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள் எழுந்து, அந்த வேலைக்குத் தாங்கள் போகவே இல்லை என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட்டத்தின் நடுவே நின்று தங்கள் உழைப்பின் கதையைச் சொல்லச் சொல்ல, பொய்க் கணக்கு ஒவ்வொன்றாக உடைந்தது. கூலிக்காகத் தெருவில் உட்கார்ந்த பெண்கள் அந்த இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்தார்கள். இன்று பொத்தேரியில் இருக்கும் எவரும் பத்து ரூபாய் கட்டி அரசிடம் கேள்வி கேட்க வழிசெய்யும் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அந்தப் போராட்டத்தின் பிள்ளை.

நமக்கும் இது புதிதல்ல. பொத்தேரியிலிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளி இருக்கும் ஊர் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமையில்தான் 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. மறுநாளே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். தந்தையின் பெயர் ஊராகிவிட்டது. மகளின் பெயர் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேசத் தெரியாத பெண்கள் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. கல்லூரிக்குக் கல்லூரி பேச்சுப் போட்டி நடக்கிறது. கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும் மாணவிகள் இந்தப் பகுதியில் ஏராளம். பண்டிகை நாள் பட்டிமன்றங்களில் பெண்களின் பேச்சுக்கு விழும் கைதட்டலையும் பார்க்கிறோம். மாமியாரா மருமகளா என்று பேசினால் ரசிக்கிறோம். அதே குரல் வார்டு ஒப்பந்ததாரரைப் பற்றிப் பேசினால் "அம்மா, சுருக்கமா" என்கிறோம். பெண்ணின் பேச்சை நாம் மதிக்கிறோமா, வேடிக்கை பார்க்கிறோமா?

தமிழ்நாட்டில் கிராம சபையைப் போல 2022-ல் நகர்ப்புறங்களுக்கும் பகுதி சபை வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். நல்ல தொடக்கம். ஆனால் முதலமைச்சர் வராத கூட்டங்களின் கதி என்ன? வேலை நாள் காலை பதினொரு மணிக்கு வைத்தால் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணும், மறைமலைநகர்க் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பெண்ணும் எப்படி வருவார்கள்? கையெழுத்து, போட்டோ, டீ, வடை என்று முடியும் கூட்டத்துக்குச் சபை என்ற பெயர் தகாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் செய்த மாநிலம் இது. 2022-ல் சென்னைக்கும் தாம்பரத்துக்கும் பெண்களே மேயரானார்கள். ஆனாலும் பல வார்டுகளில் கவுன்சிலரின் கணவரே மேடையில் உட்காருகிறார், கணவரே பதில் சொல்கிறார், போனை எடுப்பவரும் அவர்தான். நாடு முழுக்க உள்ள இந்த நோயை ஆராய ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவையே அமைக்க வேண்டியிருந்தது. மக்கள் தன் மனைவிக்குக் கொடுத்த நாற்காலியில் உட்காரும் கணவர் செய்வது திருட்டு. "குடும்பத்துக்குள் ஒத்தாசை" என்று அதைப் பூசி மெழுகும் கட்சிக்காரர்களும், அவருக்கு எழுந்து வணக்கம் வைக்கும் அதிகாரிகளும் அதற்கு உடந்தை.

மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு கவுன்சிலர் இருந்தார். நெசவுக் குடும்பம், மார்க்சிஸ்ட் கட்சி. குழாயில் குடிநீர் வரவேண்டும் என்று வார்டு மக்களுக்காகப் பேசினார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவர் உயிரைக் கொடுத்து நின்ற இடத்தை, மாலை மரியாதைக்காக வேறொருவர் பிடித்துக்கொள்வதை எப்படிப் பொறுப்பது?

விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தால், வழக்கமாகத் தங்கியிருக்கும் முகவரியிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியும். பகுதி சபையில் உட்கார வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். நான்கு வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் இந்த ஊருக்காகப் பேசவும் வேண்டும்.

தாம்பரம் மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள நகராட்சிகளுக்கும் நம் கோரிக்கை இது. சபையை ஞாயிறு மாலையில் கூட்டுங்கள். கவுன்சிலரின் கணவரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வையுங்கள். எழுந்த பெண் பேசி முடிக்கும்வரை மைக்கை வாங்காதீர்கள். அவர் சொன்ன கிழமையையும் நேரத்தையும் அப்படியே தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக அதற்குப் பதில் சொல்லுங்கள்.