கூலி வாங்காத கைகள்

கல்லூரி நாடக விழாக்களின் மேடைப் பணிகளை இதுவரை மாணவத் தொண்டர்களே பார்த்துவந்தனர். இனி ஒளி, ஒலி, மின்சாரப் பணிகளுக்குச் சம்பளம் பெறும் தொழில்நுட்பரை அமர்த்தலாம் என்றொரு யோசனை எழுந்தவுடன் நண்பர்கள் சிலர் பதறிப்போயிருக்கிறார்கள். காசு நுழைந்தால் ஈடுபாடு போய்விடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நாங்கள் இதை முற்றாக மறுக்கிறோம்.

இதுவரை காசு நுழையவே இல்லையா? மைக் செட்காரர் யார்? மாலை நான்கு மணிக்கே வந்து ஒலிபெருக்கி கட்டி, நள்ளிரவில் ஒயரைச் சுருட்டி, வண்டி வராத நாளில் மேடைக்குப் பின்னால் பெட்டிமீதே தலைவைத்து உறங்கும் அவர் நாள்கூலிக்குத்தான் வருகிறார். நன்றியுரையில் புரவலர்கள் உண்டு, பேராசிரியர்கள் உண்டு, தேநீர் வழங்கிய மாணவர்களும் உண்டு. அவர் மட்டும் 'ஒலி ஒளி அமைத்தோருக்கும்' என்று பெயரில்லாமல் ஒரு வேற்றுமையுருபில் முடிந்துபோவார். காசு வாங்குபவர் நம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதுதான் உறுத்துகிறதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இந்த உறுத்தல் தமிழ் நாடகத்துக்குப் புதிதல்ல. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அதில் ஊதியமின்றி நடித்தனர். அதனால் நாடகத்துக்குக் கிடைத்த மதிப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக நடித்தவன் கூத்தாடியாகவே நீடித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் அமைத்த பால சபையின் சிறுவர்கள் அந்த வசைக்குள்ளேயே வளர்ந்து, நடிப்பையும் பாட்டையும் தொழிலாகக் கற்றார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். கூலி அவர்கள் கலையைக் கெடுத்ததா?

இனி மின்சாரம், இங்கே இலட்சியவாதம் செல்லாது. ஆயிரம் வாட் பார் விளக்குகள் 24 என்றால் 24 கிலோவாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 104 ஆம்பியர். மூன்று ஃபேஸ்களிலும் பகிர்ந்து எடுக்க வேண்டிய சுமை அது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் ஏற்றிய 'தொண்டு'களை நாங்கள் கண்டிருக்கிறோம். எர்த் இல்லாத இணைப்பில் மைக்கைத் தொட்ட மாணவி ஒருவர் மேடையிலேயே தூக்கியெறியப்பட்டதையும் கண்டோம், பிழைத்துக்கொண்டார். மறுநாள் அதே ஒயரில்தான் அடுத்த நாடகம் நடந்தது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் கருவி ஒன்று உண்டென்பது பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாமலிருப்பது இயல்பு. தெரிந்த ஒருவரை அருகில் நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் நாம்.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்ததாரர் தம் ஆட்களோடு வந்து இறங்கினால் மாணவர்கள் நாற்காலி போடுபவர்களாகச் சுருங்கிவிடுவார்கள். ஆனால் அப்படித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கேம்பிரிட்ஜில் 1855இல் தொடங்கப்பட்ட மாணவர் நாடகக் குழுவின் ஏடிசி அரங்கை 1974 முதல் பல்கலைக்கழகமே நடத்திவருகிறது. சம்பள ஊழியர்கள் ஒரு சிறு குழுதான். நாடகங்களுக்கு விளக்கு அமைப்பதும் ஒலி இயக்குவதும் இன்றும் பெரும்பாலும் மாணவர்களே.

நாங்கள் கேட்பதும் இதுதான். மின் இணைப்பும் உயரத்தில் தொங்கும் சுமையும் சம்பளக்காரர் பொறுப்பு. டிம்மர் பலகையில் விரல் வைப்பவர் மாணவர். கற்றுக்கொடுப்பதும் அவர் வேலையில் அடக்கம், அதற்கும் சேர்த்தே சம்பளம் என்பது எழுத்தில் இருக்கட்டும். அழைப்பிதழில் இருவர் பெயரும் அச்சாகட்டும். அவர் ஒயர்களைப் பார்த்து முடிக்கும்வரை மேடையில் ஒத்திகை தொடங்கக் கூடாது. இதற்கெல்லாம் பணம் ஏது என்பவர்கள், சிறப்பு விருந்தினர்களுக்குப் போர்த்தும் சால்வைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.