முதல் ஷாட்டுக்கு ஒரே தோட்டா!

‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் கோட் சூட் ஏஜென்ட்டுகள் ஒற்றைக் கையில் அநாயாசமாகச் சுடுவார்களே, அந்தத் துப்பாக்கி ‘டெசர்ட் ஈகிள்’. நிஜத்தில் அதன் எடை கிட்டத்தட்ட 2 கிலோ! ரைஃபிள்களைப் போல வெடிவாயுவின் அழுத்தத்தில் இயங்கும் பிஸ்டல் இது. .50 காலிபர் மாடலின் மேகஸினில் 7 தோட்டாக்கள்தான். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால், அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும்.

அமெரிக்காவில் இதை வைத்திருப்பவர்கள், ஷூட்டிங் ரேஞ்சுக்கு வரும் நண்பரிடம் ‘நீயும் சுட்டுப் பாரேன்’ என்று நீட்டுவதுண்டு. ஆபத்தே அங்கேதான். சுட்டதும் துப்பாக்கி மேலே எகிறும். பதற்றத்தில் விரல் ட்ரிக்கரை மறுபடி அழுத்திவிடலாம். அப்போது குழல், சுடுபவரின் தலைப்பக்கமே திரும்பியிருக்கக்கூடும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், புதியவருக்கு முதலில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டாவது இல்லையென்றால், விரல் தவறினாலும் உயிர் தப்பும்!