பாம்பனில் இருக்கிற பாலம் போதாதா?

பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவு, விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் இடம். சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-லேயே இதன் கரையோர உயிரினங்களுக்கென்று தனி வெளியீடு கொண்டுவந்தது. ஆனால் பல சுற்றுலாக் குறிப்புகளுக்குத் தெரிந்தது ஒரே வரிதான்: முதுகெலும்பு உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் இணைக்கும் பாலமான பலனோகிளாசஸ் புழு இங்கே வாழ்கிறதாம்!

பாவம் அந்தப் புழு. அது பாட்டுக்கு மணலுக்குள் கிடக்கிறது. மணலை விழுங்கி, அதில் இருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, மீதியை முறுக்குப் பிழிந்த மாதிரி வெளியே தள்ளுகிறது. கையில் எடுத்தால் மருந்து வாடை அடிக்கும். இதைப் போய் யார் பாலம் ஆக்கியது?

1866-ல் கோவலெவ்ஸ்கி இதன் தொண்டையில் செவுள் துளைகளைக் கண்டார். 1885-ல் பேட்சன், வாய்ப்பக்கம் நீண்டிருக்கும் ஒரு சிறு குழலை முதுகுநாண் என்று எண்ணி, அரைநாணி என்று பெயர் வைத்தார். அந்தக் குழல் முதுகுநாண் இல்லை என்று பின்னால் ஒதுக்கப்பட்டது. அரைநாணிகள் தனித் தொகுதி ஆயின. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், அனாமத்துக் கணக்கில் போட்ட தொகையை உரிய தலைப்புக்கு மாற்றிய பிறகும் பழைய பேரேட்டையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உரிய தலைப்பு எது? இந்தப் புழுக்களின் டார்னேரியா என்னும் இளம் உயிரியை முதலில் பார்த்தவர்கள் நட்சத்திர மீனின் குஞ்சு என்றே நினைத்தார்கள். அது வெறும் முகச்சாடை இல்லை. மரபணு ஆய்வுகளும் அரைநாணிகளுக்கு முட்தோலிகளே உடன்பிறப்பு என்கின்றன. நாம் பங்காளிகள், அவ்வளவுதான். 2015-ல் இரண்டு அரைநாணிகளின் மரபணுத் தொகுதி வெளியானது. செவுள் துளைகளோடு தொடர்புடைய மரபணுக் கூட்டம் ஒன்று அவற்றிலும் நம்மிலும் சேர்ந்தே இருக்கிறது. அதாவது இது பொதுப் பாட்டனின் சொத்து. புழு நமக்கு எழுதி வைத்ததில்லை.

'பாலம்' என்றதும் புழுவிலிருந்து மனிதன் வரை படிக்கட்டு கட்டிவிடுகிறார்கள். பரிணாமம் மலையேற்றம் இல்லை ஐயா! அடி அண்ணாமலை வழியே கிரிவலம் போகிறவர்களைப் பாருங்கள், உச்சியில் யாரும் இல்லை, நடந்த தூரம் எல்லாருக்கும் ஒன்றே. பொதுப் பாட்டனிடமிருந்து புழு கடந்துவந்த காலமும் நாம் கடந்துவந்த காலமும் அப்படித்தான்.

குருசடைக்குப் போகிறவரிடம் நட்சத்திர மீனின் உடன்பிறப்பு இந்த மணலுக்குள் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கட்டும். குனிந்து பார்க்காமலா போய்விடுவார்?