சபைக்கு வெளியே செல்லாத அதிகாரம்

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்தார்கள். வயது வந்த இருவர் மனமொத்து, தனிமையில் கொள்ளும் உறவு இனி குற்றமல்ல என்றானது. அந்த வழக்கில் விடுதலையை எதிர்த்து நின்றவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை 2013-ல் உச்ச நீதிமன்றம் பறித்தபோதும், மேல்முறையீடு செய்தவர்களின் வரிசையில், ஒரு ஜோதிடருக்கும் முஸ்லிம் தனிச்சட்ட வாரியத்துக்கும் பக்கத்தில், கிறிஸ்தவ அமைப்புகள் இருந்தன.

377 என்பது ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்களுக்கு மட்டுமான சட்டமல்ல. இந்து, முஸ்லிம், நாத்திகர் என நாட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்க அதில் இடம் இருந்தது. ஒரு முறைகூட தேவாலயப் படி ஏறாதவர்களையும் சிறைக்கு அனுப்பும் சட்டம் நீடிக்க வேண்டும் என்பதுதான் அந்த அமைப்புகளின் கோரிக்கை. தன்பாலின உறவு பாவமா என்பது கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. ஆனால், பிறர் மீது அந்தத் தீர்ப்பைக் காவல் துறையின் துணையோடு சுமத்தும் உரிமை திருச்சபைக்கு இல்லை. அந்த உரிமையை அதன் வேதாகமமே தரவில்லை.

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வசனங்களில் ஒன்று, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல் அது. அதற்கு ஒரு பக்கம் முன்னால் என்ன இருக்கிறது? சபையைச் சேர்ந்த ஒருவன் தகப்பனின் மனைவியோடு வாழ்கிறான். அவனை விலக்குங்கள் என்கிறார் பவுல். அவருடைய கோபம் முழுவதும் அதைச் சகித்துக்கொண்ட சபையின் மேல். உடனே ஒரு விளக்கமும் தருகிறார்: ஒழுக்கம் தவறியவர்களோடு பழகாதீர்கள் என்றது வெளி உலகத்தாரைப் பற்றியல்ல, அப்படியென்றால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும், வெளியே இருப்பவர்களைத் தீர்ப்பது என் வேலையல்ல, அதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அதன் சாரம். ஆறாம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களோ, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து அவிசுவாசிகளின் நீதிமன்றத்தில் போய் நிற்பதைக் கண்டிக்கின்றன. அதன் பிறகே அந்தப் பட்டியல்.

ஆக, அந்த வசனத்தைக் கையில் ஏந்தியவர்கள் அதற்கு முன்னால் இருப்பதைக் கடந்துதான் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். (சகோதரர்கள் வழக்காடக் கூடாது என்ற கட்டளை நம் திருமண்டலங்களில் எந்த லட்சணத்தில் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தேர்தல் வழக்குகளும் சொத்து வழக்குகளும் சொல்லும்.) அதே பட்டியலில் பொருளாசைக்காரரும் கொள்ளைக்காரரும் இருக்கிறார்கள். பேரம் பேசி வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளையின் திருமண அறிவிப்பை எந்தப் போதகராவது பொருளாசையைக் காரணம் காட்டி வாசிக்க மறுத்ததுண்டா?

லேவியராகமத்துக்கு வருவோம். அதன் 20-ஆம் அதிகாரத்தில் ஆணோடு ஆண் கூடுவதற்கு மரண தண்டனை. மூன்று வசனங்களுக்கு முன்னால் பிறன்மனை நாடுபவனுக்கும் அதே தண்டனை. உச்ச நீதிமன்றம் 377-ஐத் தளர்த்திய மூன்றே வாரத்தில், செப்டம்பர் 27 அன்று, பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவையும் செல்லாததாக்கியது. அதைக் கண்டித்து எத்தனை பிரசங்கங்கள் கேட்டோம் என்று கிறிஸ்தவ வாசகர்கள் நினைவுபடுத்திப் பார்க்கட்டும்.

அந்த நியாயப்பிரமாணம் இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்டது. புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள் அதைச் சுமக்க வேண்டுமா என்ற சர்ச்சை எழுந்தபோது, எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி, நான்கு விலக்குகளைத் தவிர வேறு பாரம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வேசித்தனம் அந்த நான்கில் ஒன்று. இரத்தம் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டு ரத்தப் பொரியல் மணக்கும் கிறிஸ்தவ வீடுகள் நம் ஊரில் உண்டு, யாரும் கவலைப்படுவதில்லை. சடங்குச் சட்டம் வேறு, ஒழுக்கச் சட்டம் வேறு, ரோமர் நிருபத்திலும் பவுல் தன்பாலின உறவைக் கண்டித்திருக்கிறாரே என்று போதகர்கள் பதில் சொல்வார்கள். சொல்லட்டும். விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கே எந்தச் சட்டம் பொருந்தும் என்று அப்போஸ்தலர்கள் உட்கார்ந்து விவாதித்திருக்கும்போது, வராதவர்கள் மேல் அதை ஏற்றும் பேச்சு எங்கிருந்து வந்தது?

வேதத்திலிருந்து அல்ல, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடமிருந்து வந்தது. அதுவரை திருச்சபை நீதிமன்றங்கள் விசாரித்துவந்த பாவத்தை 1533-ல் அரசகுற்றமாக்கித் தூக்குமேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். மெக்காலே வரைந்து 1860-ல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதன் வாரிசு 377 என்ற எண்ணோடு உட்கார்ந்தது. அதே இங்கிலாந்தில் 1957-ல் வுல்ஃபெண்டன் குழு இந்தக் குற்றத்தை நீக்கப் பரிந்துரைத்தபோது, கான்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் ஆதரித்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ராம்சே 1965-ல் பிரபுக்கள் அவையிலேயே ஆதரித்துப் பேசினார். இருவரும் அதைப் பாவம் என்று நம்பியவர்கள்தான். 1967-ல் இங்கிலாந்து திருந்தியது. அது காலனிகளில் விட்டுப்போன சட்டம் நின்றது. உகாண்டா 2023-ல் அதை இன்னும் கொடியதாக்கி, சில நிலைகளில் மரண தண்டனை என்றது. அந்நாட்டின் ஆங்கிலிகன் பேராயர் மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை போதும் என்றார். ஆனால் சட்டத்துக்காக நன்றியும் சொன்னார். அதே ஆண்டு ஜனவரியில் போப் பிரான்சிஸ், பாவம் வேறு, குற்றம் வேறு என்று வெளிப்படையாகச் சொல்லி, இத்தகைய சட்டங்களை அநீதி என்றிருந்தார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. சமூகத்தின் சட்டத்தில் திருச்சபை தலையிடவே கூடாது என்றால், திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக மிஷனரிகள் நின்றது தவறா? தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் கேட்பது தவறா? தவறில்லை. அங்கே ஒருவர் இன்னொருவரால் மிதிக்கப்பட்டார். மேலாடை அணிந்ததற்காகப் பெண்களை அடித்த ஊரில், அந்த உரிமைக்கான 1859 பிரகடனம் வரும்வரை நின்றவர்கள், பலவீனமானவர் மேலிருந்த தண்டனையை நீக்கச் சொன்னார்கள். 377 வழக்கில் அவர்களின் வாரிசுகள் தண்டனையை நீட்டிக்கச் சொன்னார்கள். மனமொத்த இருவரின் உறவில் பாதிக்கப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு, நமக்குத் தெரிந்து, உருப்படியான பதில் வரவில்லை.

இதில் தன்னலக் கணக்கும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் இந்தியாவில் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6 சதவீதம் சொச்சம். 2002-ல் இங்கே மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நியாயமான போராட்டம், சட்டமும் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. இன்று பல மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் போதகர்களைச் சிறைக்கு அனுப்புகின்றன. மாட்டிறைச்சியில் பிறருடைய புனிதம் தங்கள் தட்டில் திணிக்கப்படுவதை எதிர்ப்பவர்கள், தங்கள் புனிதத்தைப் பிறருடைய படுக்கையறையில் திணிக்கக் கேட்டால், முதல் வழக்கிலேயே வாதம் தோற்றுவிடும்.

377 போய்விட்டது, இனி என்ன பேச்சு என்று விட்டுவிட முடியாது. தன்பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையைத் தடை செய்யும்படி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்நெறிப் பிறழ்வு என அறிவித்தது. மருத்துவரைக் கட்டுப்படுத்தும் அந்த அறிவிப்பு ஜெபவீட்டைத் தொடுவதில்லை. பிள்ளையை விடுவிப்பு ஜெபத்துக்கு இழுத்துச்சென்று அடைத்துவைக்கும் குடும்பங்களிடம், அது ஜெபமல்ல, துன்புறுத்தல் என்று ஆயர்கள் பீடத்திலிருந்தே சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் பெரும்பான்மையோர் சபைக்கு வெளியே இருப்பவர்கள்தான். பாலின ஈர்ப்பைக் காரணமாக வைத்துச் சக மாணவரைத் துன்புறுத்துவதும் ராகிங்கே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே விதியைத் திருத்திவிட்டது. அந்த விதியைத் தங்கள் விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கும், புகார் வந்தால் மாணவரின் வீட்டுக்குச் சொல்லிவிடாமல் விசாரிப்பதற்கும், எந்தச் சபையும் தன் விசுவாச அறிக்கையில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டுக்கு முன்னரே பேராயங்கள் இதற்கான சுற்றறிக்கையை அனுப்பட்டும்.