செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?



பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலோ, அடுத்துள்ள குயின் தெரு மாரியம்மன் கோவில் வாசலிலோ ஒரு மாலைப் பொழுதில் சற்றே நின்று, கழற்றி வைக்கப்பட்டிருக்கும் காலணிகளைப் பாருங்கள். பின்பக்கம் மிதித்து மடிக்கப்பட்டவை, பெருவிரல் மூட்டு புடைத்துத் தோலைத் தள்ளியவை, குதிகால் வெளியே நீண்டு தேய்த்தவை எனப் பலவும் கிடக்கும். அவற்றுள் பெரும்பாலானவை பெண்களுடையவை என்பதே என் கணிப்பு. நம்மவர் இதனைக் குறையாகவே கருதுவதில்லை. 'போடப் போடச் சரியாகிவிடும்' என்பார்கள். எது சரியாகும்? தோல் இளகுவது ஒருபுறம் இருக்கட்டும், எலும்பல்லவா வளைகிறது!

செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம் முன்னோர் பழமொழியாகவே கேட்டு வைத்தார்கள். நாமோ தறித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவும் பெண் பிள்ளைகளின் கால்களை!

சில ஆண்டுகளுக்கு முன் திடல்தடப் பயிற்சியின்போது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓட மறுத்து நிழலில் அமர்ந்துவிட்டாள். சோம்பல் என்றே பிறர் நினைத்தனர். காலணியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே செய்தித்தாள் உருண்டை! "அண்ணனோட சப்பாத்து ஐயா, அடுத்த வருசமும் போடலாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அண்ணனுக்கோ புதிய சப்பாத்து, அவன் பந்தாட்டக்காரன். 'பெண்பிள்ளைதானே, ஓடவா போகிறாள்?' என்னும் எண்ணமே அந்தச் செய்தித்தாள் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

2018-ஆம் ஆண்டில் பள்ளிக் காலணியின் நிறம் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும் என்று கல்வி அமைச்சர் அறிவித்தபோது நாடே இரண்டுபட்டு வாதாடியது. 2021 முதல் கறுப்பே கட்டாயமாயிற்று. வெளுக்கும் வேலை மிச்சம் என்றனர் சிலர். வீண் செலவு என்றனர் வேறு சிலர். நல்ல விவாதந்தான். ஆனால், அந்தக் காலணி பிள்ளையின் பாதத்திற்குப் பொருந்துகிறதா என்று அன்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நிறத்திற்கு ஆணை உண்டு, அளவுக்கு இல்லை.

சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை இந்தியாவின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்களின் பாதத்தைவிட அகன்றது என்பது அதில் தெரியவந்தது. இங்கிலாந்து அளவு முறை நமக்குப் பொருந்தாது என்று கண்டு, 'பா' என்னும் புதிய அளவு முறையை அந்நிறுவனம் பரிந்துரைத்தது. எனினும் ஓர் ஆசிரியனாகிய என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொரு முடிவு. பெண்களின் பாத வளர்ச்சி 11 அகவையிலேயே உச்சத்தை எட்டிவிடுகிறது; ஆண்களுக்கோ 15, 16 ஆகிறது.

எண்ணிப் பாருங்கள், பெற்றோர்களே! நம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் பயிலும் அகவை 7 முதல் 12 வரை. அப்படியானால், நம் மகளின் பாதம் வளர்ந்து முடிகின்ற காலம் ஏறத்தாழ முழுவதும் அவள் நம் பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். அண்ணனுக்கு இடைநிலைப் பள்ளியிலும் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு. தங்கைக்கு இல்லை. 'வளருகிற பிள்ளை' என்று சொல்லி ஈரளவு பெரிதாக வாங்கித் தரும் அந்த ஆண்டுகளே அவளுக்கு எல்லா ஆண்டுகளும்!

மேலும், பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சுருக்கிய படியன்று. நீளத்தில் ஒன்றாக இருப்பினும் பாத வளைவிலும் பெருவிரலிலும் முன்பாதத்திலும் வேறுபாடு உண்டு. பனிச்சறுக்குப் பலகை விளையாட்டுக்கான காலணி செய்வோர் இதனை உணர்ந்திருக்கிறார்கள். பெண்ணின் கெண்டைக்கால் தசை தாழ்வாக இறங்கியிருப்பதால், அவர்களுக்கான காலணியின் கழுத்தைத் தாழ்த்தி, குதிகால் பகுதியை ஒடுக்கிச் செய்கிறார்கள். பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரிலேயே குறிக்கிறார்கள். ஆண்டில் சில நாள் பனியில் வழுக்கி விளையாட இத்தனை அக்கறை. ஆண்டு முழுதும் ஒவ்வொரு பள்ளி நாளும் அணியும் காலணிக்கோ, கடைக்காரர் கட்டைவிரலால் முனையை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதே அளவு! அதுவும் பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது. நின்றால் பாதம் விரியும், நீளும் என்பதை அறியாதவரா அவர்?

'ஏழை வீட்டில் ஆண்டுக்கு இரண்டு சோடி வாங்க முடியுமா?' என்று கேட்பவர்களின் சினம் நியாயமானதே. ஆனால், பெரிய காலணி நெடுநாள் உழைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. காலணி, முன்பாதம் மடங்கும் இடத்திலேயே மடங்க வேண்டும். நீளம் கூடினால் மடிப்பு இடம் மாறுகிறது. பாதம் முன்னே வழுக்க, விரல்கள் பிடிமானத்திற்காகச் சுருள்கின்றன. சிறியதாக இருந்தாலும் கேடு, பெரியதாக இருந்தாலும் கேடு. அண்ணன் போட்டுத் தேய்த்த காலணியில் அண்ணனின் நடையும் சேர்ந்தே வருகிறது.

கையில் காசில்லாதபோது என்ன செய்வது? வீட்டில், வீட்டைச் சுற்றி வெறுங்காலுடன் விடுங்கள். 1992-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில் 4 முதல் 13 அகவை வரையிலான 2,300 பிள்ளைகளைச் சோதித்தனர். காலணி அணிந்தவர்களுள் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம், அணியாதவர்களுள் 2.8 மட்டுமே. விரல்களை மூடும் காலணி அணிந்தோரிடமே அது மிகுதி. 'வெறுங்காலோடு திரியாதே' என்று மகளை அதட்டும் பாட்டிமார் கவனிக்க!

அளப்பதற்குச் செலவில்லை. மாலையில் அளக்க வேண்டும். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். பள்ளிக் காலுறையுடன் ஒரு தாளின்மேல் பிள்ளையை நிற்க வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரு பாதங்களையும் வரையுங்கள். இரண்டும் ஒன்றாக இரா, பெரியதே கணக்கு. கடையில் காலணியின் உள்தகட்டை உருவி எடுத்து அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பக்கவாட்டில் பாதம் வழியக்கூடாது. பிறகு அணிவித்து நடக்கவிட்டு, குதிகால் மேலெழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் அந்தச் சோடி வேண்டாம், எத்தனை வெள்ளி தள்ளுபடியானாலும்!

இதே பினாங்கில் 1948-இல் காலணி தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் ஜிம்மி சூ. 11 அகவையில் முதல் காலணியைத் தைத்தார். பின்னாளில் இலண்டனில் இளவரசி டயானாவுக்கே தைத்துக் கொடுத்தார். அவருடைய உயர்ந்த குதிக் காலணிகளைப் போற்ற எனக்கு மனமில்லை. ஆனால், ஒருவரின் காலை அளந்து அவருக்கென்றே தைப்பது அந்தத் தொழிலின் மரபு. இளவரசிக்கு அளந்து தைத்தவரின் ஊரில், நம் பிள்ளைக்கு ஒரு தாளும் பென்சிலும் கூடவா கிடைக்கவில்லை?

பள்ளிகளில் ஆண்டுதோறும் உயரமும் எடையும் பதிகிறோம். அந்தப் பக்கத்தில் பாத நீளத்திற்கென ஒரு கட்டம் சேர்த்தால், அரைநாளில் ஒரு வகுப்பு முழுவதையும் அளந்துவிடலாம். வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்மொழியப் போகிறேன். மற்றப் பள்ளி ஆசிரியர்களும் அவரவர் கூட்டத்தில் எழுப்புங்கள்.