அட்டவணையும் அவதானமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியிலே காயல்பட்டினம், பழையகாயல், புன்னைக்காயல் என மூன்று ஊர்கள் உள. மூன்றையும் வெறும் 'காயல்' என்றெழுதி வைப்பானொருவன், வழிப்போக்கனை மட்டுமன்றிக் கணிப்பொறியையும் திகைக்கச் செய்வான்.

வலைப்பின்னற் கருவிகளை ஒவ்வொன்றாகப் பதிவேட்டிற் சேர்த்தல் பெருந்தொல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடியிழை வடத்தால் இணைக்க எடுத்த பாரத்நெட் போன்ற முயற்சியில் அஃது ஆகாத காரியம். ஆதலின் கருவியின் பெயர், இடம், முகவரி முதலியவற்றைக் காற்புள்ளியாற் பிரித்த உரைக்கோப்பாக எழுதி, ஒருசேர இறக்குமதி செய்வர். இம்முறை நன்றே. ஆயினும், கோப்பிற் பிழை கண்டவிடத்து மென்பொருள் தானே ஊகித்து ஏற்றலினும், பிழையுள்ள வரியைச் சுட்டி மறுத்தலே தக்கது என்பது எமது துணிபு.

பிழைகள் பெரும்பாலும் சிறியனவே. 'கடைத்தெரு, காயல்பட்டினம்' என்பதை மேற்கோட்குறிக்குள் அடைக்காது விட்டால், இடையிலுள்ள காற்புள்ளி அதனை இரண்டாகப் பிளக்கும். பின்வரும் பத்திகளெல்லாம் ஓரிடம் தள்ளிப்போம். 2005ஆம் ஆண்டு வெளியான 4180ஆம் எண் இணையக் குறிப்பு இதற்கு விதி கூறியிருந்தும் அதனைப் பேணாதார் பலர். மற்றொன்று, கருவியின் வன்பொருள் முகவரி. அது பத்து இலக்கங்களாலும் ஆங்கில நெடுங்கணக்கின் முதலாறு எழுத்துக்களாலும் அமைந்த பன்னிரண்டு குறிகளையுடையது. இடையே 'ஈ' என்னும் எழுத்து ஒன்றே நின்று, ஏனையவை இலக்கங்களாயின், விரிதாள் அதனைப் பத்தின் அடுக்கால் எழுதிய பேரெண்ணென்று கொண்டு உருமாற்றிவிடும். தொடரெண்ணின் முன்னுள்ள பூச்சியங்களும் மறையும்.

'ஆயிரம் வரிகளுள் ஒன்று தவறினால் யாவற்றையும் மறுப்பது கொடுமையன்றோ?' எனச் சிலர் வினவலாம். பாதி ஏறிய பதிவேடு அதனினும் கொடிது. எப்பாதி ஏறிற்றென்று அறியாது மீண்டும் இறக்குவார்க்கு ஒரு கருவியே இரண்டாகும். 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பரிசோதனைக் கோப்புகளைப் பழைய வகை விரிதாளில் ஏற்றியபோது, அது கொள்ளத்தக்க 65,536 வரிகளுக்கு மேற்பட்டவை ஓசையின்றி விடுபட்டன. அதனால் 15,841 கொரோனா நோயாளர் உரிய காலத்திற் கணக்கில் ஏறவில்லை. வெளிப்படையாக மறுத்திருப்பின் அன்றே எவரேனும் கண்டிருப்பர்.

பதிவேடு பொய்த்தால், புன்னைக்காயலிற் பழுதுற்ற கருவியை நாடித் தொழிலாளி காயல்பட்டினத்திற் சென்று நிற்பான். புன்னைக்காயலோ இணையமின்றிக் காத்திருக்கும். ஆகவே, மாணவ நண்பர்காள், இத்தொழிலில் இறங்குவீராயின், முதலிற் சில வரிகளை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். முகவரிகளையும் தொடரெண்களையும் உரையென்றே குறியுங்கள். ஊர்ப்பெயரைக் குறைக்காது எழுதுங்கள். ஏறிய தொகை கோப்பின் தொகையோடு ஒக்கின்றதா என எண்ணிப் பார்த்த பின்னரே எழுந்து செல்லுங்கள்.